கசடு மேட்டுச் சரிவில் கழிவுக்கல் பரப்பி அரிப்பைத் தடுப்பது: வேலூர் வட்டாரத்துக்கான முழு வழிகாட்டி

ஜல்லி உடைக்கும் கிரஷர் ஓரத்தில் குவிந்து கிடக்கும் டஸ்ட் (கல்பொடி) மேட்டை ஐப்பசி மழை முடிந்த கையோடு போய்ப் பாருங்கள். உச்சியிலிருந்து அடிவரை விரல் விரலாக வாய்க்கால் இறங்கியிருக்கும். அடியில் விசிறி மாதிரி சாம்பல் நிற மணல் பரவியிருக்கும். அந்த மணல் பக்கத்துக் கானாற்றில் இறங்கி, ஏரியின் வரத்துக் கால்வாயைத் தூர்த்து, கடைசியில் மதகு வாயில் போய் உட்காரும். மேட்டின் மேல் புல் விதைத்தோம், மரக்கன்று நட்டோம் என்பார்கள். வேர் பிடிப்பதற்குள் கன்றோடு சேர்த்து மண்ணும் போய்விட்டிருக்கும்.

சுரங்கத்தில் இரண்டு வகைக் கழிவு வரும். தாதுவை மாவாக அரைத்து, வேண்டியதைப் பிரித்தபின் மிஞ்சும் பொடி கசடு. தாதுவை எட்டுவதற்காக உடைத்து அப்புறப்படுத்தும் பாறை கழிவுக்கல். இரண்டும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில்தான் கிடக்கும். முதலாவது கழிவின் சரிவை இரண்டாவதைக் கொண்டு காப்பதுதான் இந்த வழிகாட்டியின் பொருள்.

பழைய வடஆற்காட்டுக்காரர்களுக்குக் கசடு மேடு என்றாலே கோலார் தங்கவயல்தான் நினைவுக்கு வரும். இங்கிருந்து தலைமுறை தலைமுறையாக அங்கே வேலைக்குப் போன குடும்பங்கள் ஏராளம். சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. 3 கோடி டன்னுக்கு மேல் கசடு 'சயனைடு மேடு' என்ற பெயரில் இன்னும் நிற்கிறது, காற்றுக் காலத்தில் ஊருக்குள் பறக்கிறது. நம் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் திருப்பத்தூர் அருகே சேவாத்தூரில் வெர்மிகுலைட் சுரங்கம் இருக்கிறது. வட்டாரம் முழுக்கக் கருங்கல் குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. கிரஷர் டஸ்ட் மழைக்கு முன்னால் கசடு மாதிரியேதான் நடந்துகொள்ளும். ஆகவே கீழே சொல்லும் முறை இரண்டுக்கும் பொருந்தும். எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

தொடங்குமுன் ஒரு விஷயம். 'பெரிய கல்லாகப் போட்டால்தான் பலம்' என்பது இந்த வேலையில் பரவலாக இருக்கும் நம்பிக்கை. அது பாதிகூட உண்மையில்லை. ஒரே அளவுப் பெருங்கல்லைக் கசடின் மேல் நேரடியாக அடுக்கினால், மழைநீர் கல் இடுக்கில் இறங்கி, கல்லுக்கு அடியிலேயே கசடை உருவிக்கொண்டு ஓடும். மேலே கல் அசையாமல் இருக்கும். அடியில் பொந்து விழுந்துகொண்டே போகும். பெரியதும் நடுத்தரமும் சிறியதும் மண்ணும் விரவிய 'அழுக்குக் கல்'தான் இந்த வேலைக்கு உகந்தது. அது பெரும்பாலும் சலிக்காத கழிவுக் குவியலிலேயே கிடைக்கிறது.

1. மேட்டை அறிதல்

முதலில் மேட்டின் உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிரஷர் டஸ்ட் உலர்ந்த குவியல். குழம்பாகக் கொட்டி உருவான சுரங்கக் கசடு அப்படியல்ல. மேலே காய்ந்து பாளம் வெடித்திருக்கும். உள்ளே சேறு சேறாகவே இருக்கலாம். அதன் விளிம்பில் டிப்பரும் பொக்லைனும் ஏறினால் மேடே குழைந்து ஓட வாய்ப்புண்டு. 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாடின்யோவில் உடைந்து 270 பேரைக் கொன்ற கசடு அணை, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே கசடு கொட்டுவது நிறுத்தப்பட்ட அணைதான். அடியில் கசிவோ, ஈரத் திட்டோ, கோடையிலும் பசேலென்று கோரைப்புல்லோ தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு மண் பொறியாளர் ஒருவரை அழைத்து வாருங்கள். அவர் சரி என்று எழுதிக் கொடுக்கும்வரை ஒரு கூடைக் கல்கூட மேலே போகக் கூடாது.

அடுத்தது கசடின் பொடி அளவு. கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு கசடு, மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். மணிக்கணக்கில் கலங்கலாகவே நிற்பது வண்டல், களி. கலங்கல் அதிகமாக இருந்தால் கல்லுக்கு அடியில் வடிகட்டிப் படுகை, அதாவது கசடு கல் இடுக்கில் உருவிப் போகாமல் தடுக்கும் மணல், சில்லு அடுக்கு, கட்டாயம் வேண்டும். கணக்குக்கு மட்டும் லேபில் சல்லடைப் பரிசோதனை செய்து ஓர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்: கசடில் 85 சதவீதம் எந்த அளவுக் கண் வழியாக இறங்குகிறது என்பது. படி 5-இல் அது தேவைப்படும்.

2. கல்லைச் சோதித்தல்

கழிவுக்கல் எல்லாமே நல்ல கல் அல்ல. மூன்று சோதனை.

சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் எடுக்கலாம். தொப்பென்று சத்தம் வந்து, பழுப்பாக உதிர்ந்தால் அது சொத்தைக் கல். அடுத்த கோடையில் மண்ணாகிவிடும். வேலூர் மலைகளின் சார்னோகைட்டும் நைஸ் பாறையும் கறுப்பு கிரானைட் எனப்படும் டோலரைட்டும் உறுதியானவை. ஆனால் குவாரியின் மேல்தட்டிலிருந்து முதலில் பெயர்த்த கல் எந்தப் பாறையானாலும் வெயிலிலும் மழையிலும் சொத்தையாகியிருக்கும்.

சந்தேகமான கல்லில் கைப்பிடி அளவுத் துண்டுகள் இருபது எடுத்து இரவெல்லாம் தண்ணீரில் ஊற வையுங்கள், பகலில் வெயிலில் காய வையுங்கள். ஒரு வாரம் இப்படியே செய்தால் போதும். அடுக்கு அடுக்காகப் பிளப்பது, ஓரம் உதிர்வது எல்லாம் வெளியே தெரிந்துவிடும். இருபதில் நாலைந்து உதிர்ந்தால் அந்தக் குவியலைச் சரிவுக்கு எடுக்காமல் உள்சாலைக்கு நிரப்பப் பயன்படுத்தலாம்.

மூன்றாவதுதான் முக்கியம், பலரும் விட்டுவிடுவதும் அதுதான். கல்லில் கந்தகத் தாது இருந்தால் காற்றும் நீரும் பட்டு அமிலம் கசியும். அந்த அமிலம் உலோகங்களைக் கரைத்துக் கிணற்றுக்குக் கொண்டுபோகும். உடைத்த முகத்தில் பித்தளை நிற மினுக்கு, பழைய குவியலில் துருப்பிடித்த ஆரஞ்சு வழிவு, மழைக்குப் பின் அடியில் மஞ்சள் படிவு இருந்தால் அதை அப்படியே எடுக்கக் கூடாது. லேபில் அமில-காரக் கணக்கு போடச் சொல்லுங்கள். பாறையின் அமிலத்தை அடக்கும் திறனை, அது உண்டாக்கக்கூடிய அமிலத்தால் வகுத்து வரும் விகிதம் 1-க்குக் கீழ் என்றால் வேண்டவே வேண்டாம். 2 அல்லது 3-க்கு மேல் என்றால் பொதுவாகக் கவலையில்லை. இடையில் வந்தால் கூடுதல் பரிசோதனை தேவை. கட்டடக் கல் குவாரிகளில் இந்தத் தொல்லை குறைவு. தங்கம், செம்பு, ஈயச் சுரங்கங்களில் அடிக்கடி வருவது.

ராணிப்பேட்டைக் குரோமியக் கழிவுக்கும் இதைச் செய்யலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். கூடாது. அது நச்சு கரைந்து இறங்கும் ரசாயனக் கழிவு. கல் பரப்பினால் மழைநீர் உள்ளே இறங்குவது கூடுமே தவிரக் குறையாது. அதற்கு நீர் புகாத மூடாக்கு தேவை. அது வேறு துறை.

கல் ஒரே குத்தகை எல்லைக்குள் இடம் மாறுகிறதா, வெளியே போகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். எல்லை தாண்டினால் 'கழிவுதானே' என்ற வாதம் செல்லாது. மாவட்டக் கனிமவள அலுவலகத்தில் கேட்டு அனுமதியும், வண்டியில் ஏற்றிப் போவதற்கான நடைச்சீட்டும் வாங்க வேண்டும்.

3. சரிவைப் படுக்க வைத்தல்

கொட்டிய குவியல் தானாக நிற்கும் சரிவு ஏறத்தாழ 37 பாகை. அதாவது ஒரு மீட்டர் உயரத்துக்கு 1.3 மீட்டர் கிடை. அதில் எந்தக் கல்லைப் போட்டாலும் நிலைக்காது, புல்லும் நிலைக்காது. குறைந்தது ஒன்றுக்கு மூன்று, அதாவது 18 பாகைக்குப் படுக்க வைக்க வேண்டும். இடம் இருந்தால் ஒன்றுக்கு நான்கு இன்னும் நல்லது.

இதற்கு இடம் வேண்டும். 12 மீட்டர் உயர மேட்டின் சரிவு இப்போது 16 மீட்டர் கிடையாக நீள்கிறது என்றால், ஒன்றுக்கு மூன்றில் 36 மீட்டர் ஆகும். உச்சியை வெட்டி அடியில் நிரப்பினால் மேலே 10 மீட்டர் பின்வாங்கும், கீழே 10 மீட்டர் முன்னேறும். அந்தக் கீழ் 10 மீட்டர் யாருடைய பட்டா, ஓடைப் புறம்போக்கா என்று சர்வேயரை வைத்து அளந்த பிறகே மெஷினை இறக்குங்கள். மட்டத்துக்குக் கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவலே போதும்.

நடுவில் படிக்கட்டு மாதிரி மேடை விடலாமா என்று கேட்பார்கள். குவாரி முகத்தில் மேடை பாதுகாப்புக்காக வேண்டும். கசடுச் சரிவில் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. மேடை கொஞ்சம் தாழ்ந்துவிட்டாலே அங்கே தண்ணீர் தேங்கும், ஓரிடத்தில் உடைத்துக்கொள்ளும்; உடைத்த இடத்திலிருந்து கீழே ஆளுயரப் பள்ளம் விழும். உயரம் 10, 15 மீட்டரைத் தாண்டினால் மட்டும் ஒரு மேடை, அதுவும் பின்பக்கம் சாய்ந்து, ஓரமாகத் தண்ணீரை வெளியேற்றும் வாட்டத்துடன் இருக்கட்டும்.

4. மேல்தண்ணீரைத் திருப்புதல்

வேலூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மி.மீ. மழை. தென்மேற்குப் பருவத்தில் சாயந்திர இடிமழையாகவும், வடகிழக்குப் பருவத்தில் புயல் மழையாகவும் வருகிறது. அரிப்புக்குக் காரணம் ஆண்டு மொத்தம் அல்ல, அரைமணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் அந்த வேகம்.

ஒரு கணக்கு போடுவோம். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை. மேலே சொன்ன 12 மீட்டர் மேட்டை ஒன்றுக்கு மூன்றில் படுக்க வைத்தால் சரிவின் நீளம் 38 மீட்டர்; அப்படி 100 மீட்டர் அகலமுள்ள ஒரு பக்கத்தில் பாதி நீர் வழிந்தால் நொடிக்கு சுமார் 53 லிட்டர். மேட்டின் தலையில் 2 ஹெக்டேர் சமதளம் இருந்து, அதில் விழுவதில் 60 சதவீதம் வழிந்தால் நொடிக்கு 330 லிட்டருக்கு மேல். அதாவது சரிவில் விழும் மழையைப் போல் ஆறு மடங்கு தண்ணீர் தலையிலிருந்து வருகிறது. அது விளிம்பில் தாழ்வான ஓரிடம் தேடி இறங்கினால் எந்தக் கல்லும் தாங்காது.

ஆகவே தலையை விளிம்பிலிருந்து உள்நோக்கி நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு வாட்டம் வைத்துச் சாய்க்க வேண்டும். விளிம்பில் முழங்கால் உயர வரப்பு போட வேண்டும். தண்ணீரைப் பக்கவாட்டில் இயற்கைத் தரைக்குக் கொண்டுபோய், அங்கே கல் பாவிய வாய்க்காலில் இறக்க வேண்டும். கசடின் மேலேயே நேராகக் கீழே இறக்கும் கல் சறுக்கு கடைசி வழி. வேறு வழியில்லை என்றால் அதைப் பொறியாளர் வடிவமைக்கட்டும். சிமென்ட் பூசிய சறுக்கு வேண்டாம். கசடு அமுங்கும்போது சிமென்ட் விரியும், அடியில் தண்ணீர் புகும், ஒரே மழையில் பலகை பலகையாகப் பெயர்ந்து வரும்.

மிதமான வாட்டமுள்ள வாய்க்காலுக்கு எவ்வளவு கல் என்பதற்கு ஒரு கைக்கணக்கு: 7 செ.மீ. கல் நொடிக்கு சுமார் 1.3 மீட்டர் வேகத்தைத் தாங்கும், 15 செ.மீ. கல் 1.9 மீட்டரை, 30 செ.மீ. கல் 2.7 மீட்டரை. தடுப்பணை போடுவதானால், கீழ் அணையின் தலை மேல் அணையின் அடிக்கு மட்டமாக இருக்க வேண்டும். 60 செ.மீ. உயர அணை, நூற்றுக்கு ஐந்து வாட்டம் என்றால் இடைவெளி 12 மீட்டர். நடுப்பகுதியைத் தாழ்த்தி விடுங்கள். ஓரம் தாழ்ந்தால் தண்ணீர் கரையைச் சுற்றிக்கொண்டு போகும்.

5. வடிகட்டிப் படுகை

ஏரிக்கரையின் உள்முகத்தில் அலைகல் பதித்திருப்பதைக் காவேரிப்பாக்கத்திலோ மகேந்திரவாடியிலோ பார்த்திருப்பீர்கள். எங்காவது கல் சரிந்த இடத்தில் குனிந்து பாருங்கள். பெருங்கல்லுக்கும் கரைமண்ணுக்கும் நடுவே சில்லும் சரளையும் திணித்திருந்தால் அந்தப் பக்கம் கரை உறுதியாக இருக்கும். அந்தச் சில்லுக்குத்தான் இன்று வடிகட்டிப் படுகை என்று பெயர்.

விதி எளிது. மேலே போடும் பொருளில் 15 சதவீதம் இறங்கும் கண்ணின் அளவு, கீழே உள்ள பொருளில் 85 சதவீதம் இறங்கும் கண்ணின் அளவைப் போல் ஐந்து மடங்குக்கு மிகக் கூடாது. கிரஷர் டஸ்டில் 85 சதவீதம் 2 மி.மீ. கண்ணில் இறங்குகிறது என்றால், மேல் படுகையின் 15 சதவீத அளவு 10 மி.மீ. வரை போகலாம். சலிக்காத குவாரிக் கழிவுக்கு இது பெரும்பாலும் தானாகவே பொருந்திவிடும், தனிப் படுகை வேண்டாம். நைசாக அரைத்த தங்கக் கசடில் அந்த அளவு 0.15 மி.மீ. என்று வைத்தால், மேலே 0.75 மி.மீ. வரைதான் போக முடியும். அது மணல். அப்போது முதலில் 15 செ.மீ. எம் சாண்ட் மாதிரியான மணல், அதன்மேல் சில்லு, அதன்மேல் கல் என்று போக வேண்டும். மணலுக்கும் கல்லுக்கும் இடையிலும் அதே ஐந்து மடங்கு விதிதான்.

நம்பிக்கை வரவில்லை என்றால் பிளாஸ்டிக் டிரம் ஒன்றின் அடியில் நிறைய ஓட்டை போட்டு, நீங்கள் பரப்பப்போகும் கல்லை அடியில் வையுங்கள், அதன்மேல் படுகையை, அதன்மேல் கசடை. வரிசை தலைகீழாக இருப்பது வேண்டுமென்றுதான். மேலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் குடம் கலங்கலாக வரும், பரவாயில்லை. ஐந்தாறு குடத்துக்குப் பிறகும் அடியில் சாம்பல் தண்ணீரே வந்தால் படுகை போதாது.

மணலுக்குப் பதில் ஜியோ டெக்ஸ்டைல் (நீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் செயற்கைத் துணி) விரிக்கலாம். வாய்க்காலில் அது நல்லது. நீண்ட சரிவில் கல் அதன்மேல் வழுக்கும், மர வேரையும் தடுக்கும். அங்கே நான் மணலையே தேர்ந்தெடுப்பேன்.

6. கல் பரப்புதல்

பரவல் தடிமன் 30 செ.மீ. இருந்தால் அதிகபட்சக் கல் 20 செ.மீ., கற்களில் பாதிக்கு மேல் 5 முதல் 10 செ.மீ. வாய்ப்பாக இருக்கும். கன அளவில் சரிபாதி கல், மீதி சரளையும் மண்ணும். பெருங்கல்லும் டஸ்டும் மட்டும் இருந்து இடை அளவு இல்லாமல் போனால் டஸ்ட் கழுவிக்கொண்டு போய்விடும். அப்படிப்பட்ட குவியலில் ஒன்றரை அங்குல ஜல்லி, முக்கால் அங்குல ஜல்லிக் கழிவைக் கலந்து சரிசெய்யுங்கள். பரப்பில் பாதியைக் கல் மூடினாலே, வெறும் கசடோடு ஒப்பிட அரிப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். நூறு சதவீதம் மூட வேண்டியதில்லை. மூடினால் புல் முளைக்கவும் இடமிருக்காது.

எவ்வளவு தேவை? நம் 12 மீட்டர் மேட்டின் சரிவு நீளம் 38 மீட்டர். 30 செ.மீ. தடிமனுக்கு, 100 மீட்டர் அகலத்துக்கு 1140 கன மீட்டர். ஒரு யூனிட் 2.83 கன மீட்டர் என்பதால் சுமார் 400 யூனிட். அமுங்குவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 440. நாலு யூனிட் டிப்பரில் 110 லோடு.

இனி பரப்பும் விதம். ஆபரேட்டர் கட்டாயம் சொல்வார்: "சார், மேலருந்து தள்ளி உட்டா ரெண்டு நாள்ல முடிச்சிடலாம் சார்." முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் பெருங்கல் எல்லாம் உருண்டு அடியில் சேரும். பொடி எல்லாம் உச்சியில் தங்கும். விரவிய கல்லைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, பரப்பும்போது நாமே பிரித்துப் போட்ட மாதிரி ஆகும். அடியில் முதலில் ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்துப் பெருங்கல்லால் கால் ஊன்றுங்கள். பிறகு கீழிருந்து மேலாக, பொக்லைன் பக்கெட்டை அரை மீட்டருக்குள் தாழ்த்தி வைத்துக் கொட்டிப் பரப்புங்கள். கசடின் மேல்பரப்பை அதற்கு முன்பே பக்கெட் பல்லால் கீறி வைத்திருக்க வேண்டும். வழவழப்பான முகத்தில் பரவல் வழுக்கும்.

பரப்பியதும் செயின் வண்டியைச் சரிவில் மேலும் கீழுமாக ஓட்டுங்கள். செயின் பட்டையின் தடம் சரிவுக்குக் குறுக்காக விழும்; ஒவ்வொரு தடமும் கொஞ்சம் தண்ணீரையும் விதையையும் பிடித்து வைக்கும். குறுக்கே ஓட்டினால் தடம் மேலிருந்து கீழாக விழும், அது வாய்க்காலுக்குக் கோடு போட்டுக் கொடுத்தது மாதிரி.

உப்போ அமிலமோ உள்ள கசடுக்கு இன்னொரு யோசனை உண்டு. சித்திரை வெயிலில் அடி ஈரம் மேலேறி, உப்பை மேற்பரப்பில் பூக்க வைத்து வேரைக் கருக்கிவிடும். அங்கே விரவிய பரவலுக்குக் கீழே, வடிகட்டிப் படுகையின் மேல், பொடியில்லாத ஜல்லி 30 செ.மீ. போட்டால் ஈரம் அந்த இடைவெளியைத் தாண்டாது. ஜல்லிக்கு மேலும் ஒரு மெல்லிய சில்லுப் படுகை வேண்டும், இல்லையென்றால் மேல்மண் உள்ளே இறங்கிவிடும். செலவு கூடும் வேலை. தேவையில்லாத இடத்தில் செய்ய வேண்டாம்.

வேலை முழுக்கத் தூசி பறக்கும். கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதலில் பதிவானதே கோலாரில், 1934-இல். துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. தண்ணீர் லாரி, சரியான முகக்கவசம் இரண்டும் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும்.

7. பசுமை

தை முதல் சித்திரை வரை மண்வேலை, ஆடி ஆவணியில் விதைப்பு. கல்லின் நிழலில் ஈரம் தங்குவதால் வெறும் கசடைவிட இங்கே முளைப்பு நன்றாக இருக்கும். முதல் ஆண்டுக்குக் கொழுக்கட்டைப் புல்லும் கொளுஞ்சியும் தூவுங்கள். கொளுஞ்சி தழைச்சத்தைத் தானே சேர்க்கும். அடுத்து ஆவாரை, விராலி. இரண்டும் நம் கரடுகளில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே நிற்பவை. வாய்க்கால் ஓரத்துக்கும் அடிக்கும் வெட்டிவேர் வரிசை. வேம்பும் புங்கனும் அடிவாரத்தில் நடலாம், சரிவின் நடுவில் பெருமரம் வேண்டாம். சீமைக்கருவேலம் தானாகவே வரும். 'எது வந்தால் என்ன, பச்சையாக இருந்தால் சரி' என்று விட்டால் அதன் நிழலில் புல் அழிந்து, மரத்தடி வெறும் மண்ணாகும். சிறிதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். ஆட்டை இரண்டு மழைக்காலம் வரை விடக் கூடாது. வேலி போடுவதைவிட, ஊரில் ஆடு வைத்திருப்பவர் ஒருவரையே காவலுக்கு வைப்பது பலன் தரும்.

8. பராமரிப்பு

ஒன்றரை அடி இரும்புக் கம்பிகளைச் சரிவில் வரிசையாக அடித்து, தரைமட்டத்தில் பெயின்ட் கோடு போடுங்கள். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கோட்டிலிருந்து தரைவரை அளந்தால் எங்கே மண் போகிறது, எங்கே படிகிறது என்று தெரியும். முதல் பெருமழைக்கு மறுநாளே சரிவை நடந்து பார்க்க வேண்டும். கையளவு ஆழத்துக்கு வாய்க்கால் விழுந்திருந்தால் அதில் கல்லைக் கொட்டி மூடிவிட்டு வந்துவிடாதீர்கள். அதன் வழியே மேலே ஏறிப் போனால் வரப்பில் ஒரு தாழ்வோ, அடைபட்ட வாய்க்காலோ, வண்டித் தடமோ இருக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பிறகு பள்ளத்தைச் சில்லிலிருந்து தொடங்கி அடுக்கடுக்காக நிரப்புங்கள்.

அடியில் வண்டல் குழி ஒன்று இருக்க வேண்டும். அது பாதி நிறைந்ததும் அள்ள வேண்டும். அள்ளிய கசடை மேட்டின் தலைக்கே கொண்டுபோங்கள், ஓடைக்கரையில் போடாதீர்கள். புரட்டாசி முடிவதற்குள் குழி காலியாக இருக்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழிந்து கோடி போனதைப் பார்த்தவர்களுக்கு, அப்படிப்பட்ட வாரத்தில் மேட்டடிக்கு மெஷினைக் கொண்டுபோக முடியாது என்று தெரியும்.